‘இதை வாங்கலாமா?’: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தால் போதும், சொந்தத்தில் யாருடைய போன் சூடானாலும் அவருக்குத்தான் அழைப்பு வரும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். இது என் பிழைப்பு இல்லை, பொழுதுபோக்கு. ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். கருத்துகள் என் சொந்தச் சரக்கு. கணக்குகள் யார் போட்டாலும் வருபவை.

என் போன் பழசாகிவிட்டது. புதுசு வாங்கட்டுமா?

பழசு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? “சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது” என்றால் தேய்ந்தது பேட்டரி, போன் அல்ல. பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். “மெதுவாகிவிட்டது” என்றால் முதலில் சேமிப்பிடம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். கழுத்துவரை நிரம்பிய போன் எதைச் செய்தாலும் திணறும். வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள்.

மூன்றாவது புகார், “சார்ஜே ஏறவில்லை.” என் மாமா ஒருவர் இதே புகாரோடு வந்தார். புதுப் போன் எது என்று முடிவே செய்துவிட்டார், என்னிடம் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி. கேபிளைச் செருகிப் பார்த்தேன். முழுதாக உள்ளே போய் உட்காரவில்லை. போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியை விட்டு மெதுவாகக் கிண்டினேன். சட்டைப்பையின் பஞ்சு மூன்று வருடமாக அழுந்தி அழுந்தி, கம்பளித் துண்டு மாதிரி வெளியே வந்தது. அவ்வளவுதான் நோய். மாமாவுக்குப் போன் பிழைத்த சந்தோஷத்தைவிடப் புதுசு வாங்க முடியாத வருத்தம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். (ஊசி, குண்டூசி வேண்டாம். உள்ளே இருக்கும் தொடுமுனைகள் மிக மெல்லியவை.)

நான் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று உண்டு: பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன். அதிலேயே வங்கிக் கணக்கையும் வைத்துக்கொண்டு புழங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடக் கூடாதாமே?

வேதியியல்படி உண்மை. ஆனால் அதற்காகச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே வாழ வேண்டியதில்லை.

லித்தியம் அயன் பேட்டரியை 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அடித்தளத்தை அமைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இத்தனை வருடத்தில் எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது, குணம் மட்டும் மாறவில்லை. முழுதாக நிரம்பும்போது ஒரு செல் 4.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த உயரத்தில் நெடுநேரம் நிற்பது அதற்கு ஆகாது. அடிமட்டம்வரை காலியாவதும் ஆகாது. நடுவில் இருந்தால் நிம்மதி.

அதைவிடப் பெரிய எதிரி சூடு. தலையணைக்கடியில் சார்ஜ், வெயில் அடிக்கும் காருக்குள் வரைபடம் பார்த்தபடி சார்ஜ், விளையாடிக்கொண்டே சார்ஜ்: பேட்டரியின் ஆயுளைக் குறைப்பவை இவைதான். வயர்லெஸ் சார்ஜரிலும் ஒரு பகுதி மின்சாரம் வெப்பமாகத்தான் போகிறது. சார்ஜர் தொட்டுப் பார்த்தால் கதகதவென்று இருப்பது அதனால்தான். கடுங்குளிரும் ஆகாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்துவிடும்.

“அப்படியென்றால் இரவு முழுக்கச் சார்ஜில் விடலாமா?” விடலாம், நிரம்பியதும் போனே நிறுத்திக்கொள்ளும். செட்டிங்கில் ‘80 சதவீதத்தில் நிறுத்து’ என்ற வசதி இருந்தால் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் நூறு ஏற்றினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பேட்டரி உப்பியிருக்கிறது. கொஞ்ச நாள் ஓட்டலாமா?

கூடாது. உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். இதில் மட்டும் நான் வேடிக்கை பேசுவதில்லை.

எல்லாம் டைப்-சி ஆகிவிட்டதே, இனி கேபிள் எல்லாம் ஒன்றுதானே?

முனைதான் ஒன்று. உள்ளே ஓடும் கம்பி வேறு.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒருமுறை 500 ஜிபி அளவு கோப்புகளைக் கையடக்க எஸ்எஸ்டிக்கு (தட்டு சுற்றாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) நகலெடுக்க உட்கார்ந்தேன். இருபது நிமிட வேலை என்று கணக்கு. திரையில் மூன்றரை மணி நேரம் என்று வந்தது. டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் விண்டோஸைத் திட்டினேன். குற்றவாளி கேபிள். ஏதோ போனோடு வந்த வெள்ளை டைப்-சி கேபிளை அவசரத்தில் செருகியிருக்கிறேன். அது யூஎஸ்பி 2.0 வேகம் மட்டும் கொண்டது: நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 40 வந்தாலே அதிர்ஷ்டம். யூஎஸ்பி 2.0 வெளியானது 2000-இல், டைப்-சி முனை வந்தது 2014-இல். புதுச் சட்டைக்குள் பழைய ஆள். கேபிள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023-இல் ஆப்பிள் டைப்-சிக்கு மாறியபோது சாதாரண ஐபோன் 15-இன் துளையும் இதே 480 மெகாபிட்தான்.

சார்ஜ் பக்கமும் இதே கதை. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்வரை தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள்ளேயே ஒரு குட்டிச் சிப் இருக்க வேண்டும். “நான் 5 ஆம்பியர் தாங்குவேன்” என்று அது சொன்னால்தான் சார்ஜர் அதிகம் தரும். 2021-இல் வந்த விதிப்படி இப்படி 240 வாட்வரை போகலாம். 100 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப் நத்தை வேகத்தில் ஏறுகிறதா? நடுவில் இருக்கும் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட் போன்றவற்றுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கிவிட்டது. நல்ல சட்டம். ஆனால் கேபிளைக் கண்ணால் பார்த்து வகை பிரிக்க முடியாத சங்கடம் அப்படியே இருக்கிறது. நான் கண்டுபிடித்த வழி தையல் நூல். வேகமான கேபிளின் கழுத்தில் சிவப்பு, அதிக வாட் தாங்குவதில் நீலம், இரண்டும் முடிந்தால் இரண்டு நூலும். நூல் இல்லாதது சார்ஜ் போட மட்டும். பார்ப்பவர்கள் காப்புக் கயிறா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருக்கிறது. 5,000 பேட்டரி உள்ள என் போனை இரண்டு முறைகூட ஏற்றவில்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை, எண்ணை வசதியாகக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்த 10,000 மில்லியாம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது. பெருக்கினால் 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது அதே 37 வாட்-மணி 7,400 மில்லியாம்பியர்-மணியாகச் சுருங்கிவிடும். மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும், போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஒன்றரை முறை ஏறினால் உங்கள் பவர் பேங்க் நல்ல ஜாதி.

அதனால் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் வாட்-மணி எண்ணைப் பாருங்கள். விமானத்திலும் கேட்பது அதைத்தான்: பொதுவாக 100 வாட்-மணிவரை கூடுதல் அனுமதியில்லாமல் கொண்டுபோகலாம், அதுவும் கைப்பையில் மட்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

200 மெகாபிக்சல் கேமரா நல்லதா?

4கே திரையில் இருப்பதே சுமார் 83 லட்சம் புள்ளிகள், அதாவது 8 மெகாபிக்சல் சொச்சம். இருபது கோடிப் புள்ளியையும் எங்கே வைத்துப் பார்க்கப் போகிறீர்கள்? அந்தப் போன்களும் சாதாரணமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. சென்சாரின் அளவும் வெளிச்சமும்தான் முக்கியம். அதற்கும் முன்னால் லென்ஸில் உங்கள் விரல் ரேகை இருக்கிறதா என்று பாருங்கள். துணியால் ஒரு துடைப்பு, பாதி அப்கிரேடு முடிந்தது.

1 டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. கிலோ, மெகா, ஜிகா என்று ஒவ்வொரு படியிலும் தயாரித்தவர் 1,000-ஆல் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கிறதா, எஸ்எஸ்டி இருக்கிறதா? ஹார்டு டிஸ்க் என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். என் பொழுதுபோக்கில் இதைவிடத் திருப்தியான வேலை வேறு இல்லை. மாற்றிக் கொடுத்ததும் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தேவையான இடம் படிக்கும் முள்ளுக்கடியில் வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் அந்த வரிக்கு நகரும் நேரம் தனி. ஒரு மென்பொருள் திறக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை, ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் எடுத்துக் கொடுத்துவிடும். விளம்பரத்தில் போடும் ‘நொடிக்கு இத்தனை மெகாபைட்’ பெரிய கோப்பை நகலெடுக்கும்போதுதான் உதவும். அன்றாடம் நாம் உணர்வது இந்தக் காத்திருப்பைத்தான்.

மூடியைக் கழற்றியதே கழற்றினீர்கள், விசிறியின் தூசியையும் எடுத்துவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-ஐ ஏற்காத இயந்திரங்கள் ஏராளம். அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நான் போட்டுவிடுகிறேன். படம் பார்க்க, எழுத, இணையம் மேய அது தாராளமாகப் போதும். நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து அனுப்பும் புது லேப்டாப்புகளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. பத்து வருடம் கழித்து அவற்றில் எதை மாற்றுவது?

வைஃபை மெதுவாக இருக்கிறது. பெரிய ரவுட்டர் வாங்கவா?

முதலில் ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ பக்கத்தில், தரையில் என்று வைத்துவிட்டு ரவுட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டின் நடுவில், உயரமாக வைக்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் பல இடங்களில் 1, 6, 11 மூன்றுதான். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதில்தான் முண்டியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. எதையாவது சூடுபண்ணும்போது மட்டும் வீடியோ நிற்கிறது என்றால் உங்களுக்குப் பிரமை இல்லை.

இந்த விஷயத்தில் நான் வைத்திருக்கும் கொள்கை: நகராத பொருளுக்குக் கம்பி. டிவி, மேசைக் கணினி, பிரிண்டர் எதுவும் எழுந்து நடக்கப் போவதில்லை. அவற்றுக்கு ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்துவிட்டால் மிச்சமிருக்கும் வைஃபை முழுக்கக் கையில் இருக்கும் போனுக்கு.

நீங்களே ஸ்மார்ட் வாட்ச் கட்டுவதில்லையே, ஏன்?

ஒரு வருடம் கட்டினேன். காலையில் நன்றாகத்தான் எழுந்திருப்பேன். ‘தூக்கம் மோசம், 54 மதிப்பெண்’ என்று காட்டும். அதற்கப்புறம் பகல் முழுக்கத் தூக்கம் வந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன பரீட்சையை மறுபடி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிவானேன் என்று கழற்றிவிட்டேன். அப்புறம் தினமும் சார்ஜ் போட வேண்டிய பட்டியலில் இன்னொன்று குறைந்தது.

இப்போது கட்டியிருப்பது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-இல் வந்த வடிவம், இன்றும் கிடைக்கிறது. ஒரு பேட்டரி ஏழு வருடம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். இதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அது என்ன விசித்திரமான எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே பதினைந்து இரண்டுவரை போனால் வருவது. திருப்பிப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று, அதாவது ஒரு நொடி. இவ்வளவு எளிமையான சுற்று இருப்பதால்தான் ஒரு குட்டி பேட்டரி இத்தனை வருடம் தாங்குகிறது.

அதற்காக ஸ்மார்ட் வாட்ச் வீண் என்று சொல்லமாட்டேன். என் அம்மா கையில் ஒன்று கட்டியிருக்கிறேன், கீழே விழுந்தால் எனக்குத் தகவல் வரும். அவருக்கு மதிப்பெண் எதுவும் காட்டாதபடி எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கிறேன்.

ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் ஸ்விட்ச்?

வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரையும் கேட்காமல் விளக்கைப் போடவும் அணைக்கவும் முடிய வேண்டும். இதில் தேறாத எதையும் நான் சுவரில் மாட்டுவதில்லை.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. ஆர்வக்கோளாறில் வீடு முழுக்க ஒரே நிறுவனத்தின் பல்புகளை மாட்டினேன். சில வருடத்தில் அந்த நிறுவனம் சர்வரை மூடிவிட்டது. செயலி திறக்காது, வண்ணம் மாறாது, நேரம் வைத்து எரியாது. பல்பு மட்டும் வெறும் வெள்ளை விளக்காக எரிந்தது. நான் வாங்கியது பல்பு அல்ல, தூரத்தில் ஏதோ ஒரு கணினி இயங்கும்வரை செல்லுபடியாகும் அனுமதிச்சீட்டு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது ஏதாவது வாங்கினால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சோதிப்பேன். வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஜிக்பீ வகை, அல்லது பல நிறுவனங்களுக்கும் பொதுவாக 2022-இல் வெளியான மேட்டர் தரத்தில் வருபவை இதில் பெரும்பாலும் தேறிவிடும்.

மெக்கானிக்கல் கீபோர்டில் வேகமாகத் தட்டச்சு செய்யலாமா?

என் வேகம் கூடவில்லை, சத்தம்தான் கூடியது. இதில் ஒவ்வொரு பொத்தானுக்கடியிலும் தனி ஸ்விட்ச் உண்டு, நிறத்தை வைத்து வகை சொல்வார்கள்: நீல ஸ்விட்ச் ‘டிக் டிக்’ என்று அடிக்கும், பழுப்பில் விரலுக்கு மட்டும் ஒரு தட்டு தெரியும், சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் நீலத்தில் தொடங்கினேன். மூன்றாவது இரவே மனைவி “கீபோர்டா, நானா” என்ற கட்டத்துக்கு வந்துவிட்டாள். இப்போது சிவப்பு.

படங்களை எல்லாம் கிளவுடில் வைத்திருக்கிறேன். போதும்தானே?

போதாது. கிளவுடோடு ஒத்திசைவது பிரதி ஆகாது. போனில் தவறுதலாக அழித்தால் அங்கேயும் சேர்ந்து அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், அப்புறம் அதுவும் இல்லை. கணக்கு முடங்கினால் மொத்தமும் போய்விடும்.

நான் படித்துத் திருந்தியவன் இல்லை, இழந்து திருந்தியவன். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று மேசையிலிருந்து விழுந்தது. மேசை உயரம்தான். எடுத்துச் செருகினால் ‘டக், டக்’ என்று மட்டும் சத்தம் வந்தது. என் மகள் தவழ ஆரம்பித்த மாதங்களின் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. மீட்டுத் தருகிறேன் என்றவர்களும் கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். அந்த டிஸ்க்கை இன்னும் எறியவில்லை.

இப்போது பழைய 3-2-1 வழக்கத்தைப் பின்பற்றுகிறேன். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. என் விஷயத்தில் கணினியில் ஒன்று, அலமாரி டிஸ்க்கில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று. அவளுடையது என் வீட்டில் இருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்கப் போகும்போது மாற்றிக்கொள்வோம். வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய கோப்புறையைத் திறந்தும் பார்ப்பேன். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது. பென் டிரைவில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன் என்று சொல்பவர்களுக்கு: மின்சாரமே காணாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதிலிருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். அதை நம்பிக் குடும்பப் படங்களை விட்டுவைக்காதீர்கள்.

நானும் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். எங்கே ஆரம்பிப்பது?

பழுதான ரிமோட்டில் ஆரம்பியுங்கள். கெட்டாலும் நட்டமில்லை. நல்ல சின்ன ஸ்க்ரூடிரைவர் செட், வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர், தொடுமுனை துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இவை போதும். சாலிடரிங் அயர்ன் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வெள்ளைத் தாளில் பொருளின் படத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூவை எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே குத்தி வையுங்கள். மில்லிமீட்டர் கணக்கில் நீளம் மாறும். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கிப் பலகையைத் துளைத்தவன் சொல்கிறேன்.

மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய் டிவியையும் மட்டும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், ஆளையே கொன்றுவிடும். நானும் இதுவரை திறந்ததில்லை, இனியும் திறக்க மாட்டேன்.

இத்தனை பேசுகிறீர்களே, உங்கள் கையில் என்ன போன்?

பின்கண்ணாடியின் மூலை உடைந்து, பேட்டரி ஒருமுறை மாற்றிய பழைய போன்தான். ஆனால் நான் சிக்கனக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். மேசையின் கீழ் இழுப்பறையில் இரண்டு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுக் கணினி), ஒருமுறைகூடப் பறக்காத டிரோன், மூன்று கீபோர்டு தூங்குகின்றன. மேல் இழுப்பறை முழுக்க கேபிள். தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் வருடாவருடம் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். போன மாதம் மச்சான் பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்துவந்து, “மாப்ள, மினி யூஎஸ்பி கேபிள் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது, நான்கு. அந்தச் சிக்கலிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க இருபது நிமிடம் ஆனது.